ஒரே ஆளா, இரண்டு பேரா? கிட்டாரும் மவுத் ஆர்கனும் சேரும் ப்ளூஸுக்கு எந்த வழி நல்லது

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய அக்கூஸ்டிக் ப்ளூஸ் பாட்டில் மனதைப் பறிகொடுத்த யாருக்கும் என்றாவது ஒரு நாள் தானும் வாசிக்க வேண்டும் என்ற ஆசை வரும். கூடவே குழப்பமும் வரும். கிட்டார் எடுப்பதா, மவுத் ஆர்கன் எடுப்பதா? இரண்டு ஒலியும் வேண்டுமென்றால், கழுத்தில் ஸ்டாண்டு மாட்டிக்கொண்டு ஒருவரே இரண்டையும் வாசிப்பதா, கூட வாசிக்க ஒருவரைத் தேடுவதா? கடைக்குப் போவதற்கு முன் இதை யோசித்துவிடுவது நல்லது. ஒவ்வொரு வழியும் கேட்கும் உழைப்பு வேறு, கொடுக்கும் சந்தோஷமும் வேறு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு ஒலியும் வேண்டும் என்பவர் ஒரு கருவியை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, இன்னொன்றை வாசிக்கும் ஒருவரோடு சேர்வதுதான் நல்லது. தனியாகவே வாசிக்க விரும்புகிறவருக்கு மிசிசிப்பி டெல்டா பக்கத்துக் கிட்டார் முறை இருக்கிறது. அதற்குத் துணைக் கருவியே வேண்டாம். கழுத்து ஸ்டாண்டு கடைசியில்தான் வரும். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

டெல்டா: கிட்டாரே இரண்டாவது குரல்

மிசிசிப்பி டெல்டா என்பது பருத்தி விளையும் தட்டையான நிலம். அங்கே டாக்கரி பண்ணையைச் சுற்றி வளர்ந்த சார்லி பேட்டன் 1929-லும், சன் ஹவுஸ் 1930-லும் பாரமவுண்ட் கம்பெனிக்கு இசைத்தட்டு பதிவு செய்தார்கள். ராபர்ட் ஜான்சன் 1936-ல் சான் அன்டோனியோவிலும் 1937-ல் டல்லஸிலும் பாடிப் பதிந்தது மொத்தம் 29 பாடல்கள். அடுத்த ஆண்டே, 27 வயதில் இறந்துபோனார்.

இவர்களுடைய பாட்டை உன்னிப்பாகக் கேட்டால் ஒன்று புலப்படும். பாடகர் ஒரு அடியைப் பாடி நிறுத்துகிறார், மிச்சத்தைக் கிட்டார் பாடி முடிக்கிறது. விரலில் மாட்டிய கண்ணாடிக் குழலோ உலோகக் குழலோ கம்பிமேல் வழுக்கிப்போய், மனிதக் குரல் போலவே இழைந்து இறங்குகிறது. சில இடங்களில் அடியின் கடைசிச் சொல்லைக் கூட வாய் விட்டுவிடும், கிட்டார் எடுத்துக்கொள்ளும். 1903 வாக்கில் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கம்பியின்மேல் கத்தியை அழுத்தி வாசித்ததைக் கேட்டதாக இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹாண்டி எழுதியிருக்கிறார். வாசித்தவர் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாட, கிட்டார் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததாம். ஆகவே இந்த முறையில் குரலுக்குத் துணை கிட்டாருக்குள்ளேயே இருக்கிறது. மவுத் ஆர்கன் வந்தால் அது உட்கார இடம் தேட வேண்டியிருக்கும்.

ராபர்ட் ஜான்சனே முதலில் மவுத் ஆர்கன்தான் ஊதிக்கொண்டிருந்தார். நன்றாகவும் ஊதினார் என்று சன் ஹவுஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பிறகு அதை விட்டுவிட்டுக் கிட்டாருக்குப் போனார். பதிவான பாட்டுகளைக் கேட்கும்போது அந்த முடிவு எனக்கு நியாயமாகவே படுகிறது. கட்டைவிரல் தாளத்தை இழுக்க, மேல் கம்பிகள் பாட, அதற்கும் மேலே குரல் என்று ஒரே ஆள் மூன்று வேலை செய்கிறார். நாலாவதாக ஒன்று வந்தால் நெரிசல்தான்.

இதைக் கற்றுக்கொள்ள என்ன வேண்டும்? கிட்டார் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பலரும் வைத்திருந்தது ஸ்டெல்லா போன்ற மலிவான கிட்டார்கள்தான். ஆனால் கம்பி கொஞ்சம் தடிமனாகவும், ஃபிரெட் (குறுக்கே பதித்த உலோகக் கம்பி) உள்ள பலகையிலிருந்து சற்றே உயரமாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் குழல் ஃபிரெட்டில் இடித்துக் கடகடவென்று சத்தம் வரும். ட்யூனிங்கை ஓப்பன் ஜி-க்கு மாற்றிக்கொள்ள வேண்டும்: தடித்த கம்பியிலிருந்து டி, ஜி, டி, ஜி, பி, டி. எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி மேஜர் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, வந்துவிடும். குழலைச் சுண்டுவிரலில் மாட்டினால் மற்ற மூன்று விரல்களும் மிச்சம். குழல் நிற்க வேண்டிய இடம் ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே. வழக்கமாக விரல் வைப்பதுபோல அதற்குச் சற்றுப் பின்னால் வைத்தால் சுருதி இறங்கிவிடும். குழலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரலை லேசாகக் கம்பிமேல் படியவிட்டால் தேவையில்லாத ஒலிகள் அடங்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் விட்டுவிடுவது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். பாட்டு கரகரப்பாக இருப்பதற்குக் குழலைக் குறை சொல்வார்கள், கோளாறு விரலில் இருக்கும்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இங்கே ஒரு அனுகூலம் உண்டு. ப்ளூஸ் பாட்டின் உயிர் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே, இரண்டிலும் சேராமல் நிற்கும் ஒரு இடத்தில் இருக்கிறது. கமகம் பழகிய காது அந்த இடத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். கோட்டுவாத்தியம் கேட்டவருக்குக் கம்பிமேல் வழுக்கும் ஒலியும் புதிதல்ல.

குறை என்று பார்த்தால், டெல்டா முறை தனிமையில் வளர்ந்தது, தனிமையையே கேட்கிறது. சன் ஹவுஸ் ஒரு பாட்டை இன்று ஒரு நீளத்தில் வாசிப்பார், நாளை வேறு நீளத்தில். ப்ளூஸ் பாட்டின் ஒரு சுற்றுக்கு வழக்கமான 12 பார் (தாள அளவு) கணக்கு சில இடத்தில் பதினொன்றரையாகக் குறையும், சில இடத்தில் பதின்மூன்றாக நீளும். தனியாக வாசிக்கிறவருக்கு இது பெரிய சுதந்திரம். கூட வாசிக்க வருகிறவருக்குப் பெரிய சோதனை.

பீட்மாண்ட்: அடுத்தவருக்கு இடம் விடும் கிட்டார்

கிழக்கே பீட்மாண்ட் எனப்படும் அப்பலாச்சியன் மலையடிவாரத்தில் வட கரோலினா, தென் கரோலினா, வர்ஜீனியா பக்கம் வளர்ந்தது வேறு வகை. டர்ஹம் நகரத்தில் புகையிலைக் கிடங்குகள் நிறைய. ஏலம் நடக்கும் பருவத்தில் விவசாயிகள் கையில் காசோடு வருவார்கள், தெருவோரத்தில் வாசிப்பவர்களுக்கும் அதில் கொஞ்சம் கிடைக்கும். பிளைண்ட் பாய் ஃபுல்லர் அங்கே வாசித்துப் பேர் வாங்கினார். ரெவரெண்ட் கேரி டேவிஸும் நியூயார்க் போவதற்கு முன் அதே டர்ஹமில் இருந்தவர்தான்.

இந்த முறையில் வலது கைக் கட்டைவிரல் ஒரு பாஸ் கம்பி, அப்புறம் இன்னொரு பாஸ் கம்பி என்று மாறி மாறி, நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். அதற்கு மேலே ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தாளத்துக்கு முன்னும் பின்னுமாக மெட்டை எடுக்கும். ராக்டைம் என்ற துள்ளல் நடைப் பியானோவில் இடது கை செய்வதைக் கட்டைவிரலும், வலது கை செய்வதை மற்ற விரல்களும் செய்கின்றன. இந்த முறையில் வாசித்த எலிசபெத் காட்டன் இடது கைக்காரர். வலது கைக்காரருக்கான கிட்டாரைத் திருப்பிப் பிடித்ததால் பாஸை விரல்களும் மெட்டைக் கட்டைவிரலும் வாசித்தன. அப்படியும் அந்த நடை அவரிடம் குலையவில்லை.

மவுத் ஆர்கனோடு சேர்வதற்கு டெல்டாவைவிட இது ஏன் பொருத்தம் என்கிறேன்? பாஸ் நிற்பதில்லை, பார் கணக்கு மாறுவதில்லை. ஊதுகிறவர் எங்கே நுழையலாம், எங்கே மூச்சு விடலாம் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. கிட்டாரின் ஒலி சின்னச் சின்னத் துளிகளாக விழுவதால், அதன்மேல் நீளமாக இழுத்து ஊதும் ஒரு சுரம் தனியாகத் தெரிகிறது. ஃபுல்லர் 1937-ல் நியூயார்க் போய்ப் பதிவு செய்தபோது சன்னி டெரி என்ற பார்வையற்ற மவுத் ஆர்கன்காரரும் கூடப் போனார். அந்தப் பதிவுகளில் யாரும் யாரையும் மறைப்பதில்லை.

கற்பதில் கஷ்டம் முழுவதும் தொடக்கத்தில்தான். கட்டைவிரல் தன் போக்கில் நடக்க, மற்ற விரல்கள் தங்கள் போக்கில் போக வேண்டும். இது பழகும்வரை எரிச்சலாக இருக்கும். கட்டைவிரலை மட்டும் வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே வாசிக்க முடிகிற அளவுக்கு ஊறப்போட்ட பிறகு மெட்டுக்குப் போவதுதான் நல்ல வழி. ட்யூனிங் பெரும்பாலும் சாதாரணமானதே, கிட்டாரும் சாதாரணமாக இருந்தால் போதும். ஏற்கெனவே கொஞ்சம் கிட்டார் தெரிந்தவருக்கு டெல்டாவைவிட இது பக்கத்தில் இருக்கிறது.

மவுத் ஆர்கன் மட்டும்

இதைத் தேர்ந்தெடுப்பவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது ஒரு எச்சரிக்கை. நம்மூர்க் கடைகளில் மவுத் ஆர்கன் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது 24 துளை ட்ரெமலோ வகை. சினிமாப் பாட்டு வாசிக்க அருமையான கருவி. ப்ளூஸுக்கு ஆகாது. அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் லேசாகச் சுருதி விலகிய இரண்டு ரீடுகள் (காற்றில் அதிரும் உலோக நாக்குகள்) சேர்ந்து ஒலிக்கும், அதனால் சுரத்தை வளைக்க முடியாது. நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது 10 துளை டயடோனிக். ஹோனர் கம்பெனியின் மரைன் பேண்ட் 1896-ல் வந்தது. பழைய ப்ளூஸ்காரர்கள் கையில் இருந்ததும் பெரும்பாலும் அதுதான். அதன் நடுச்சட்டம் மரம். ஈரம் பட்டால் மரம் உப்பி உதட்டை உரசும். புதிதாகத் தொடங்குகிறவர் அதே கம்பெனியின் ஸ்பெஷல் 20 போல பிளாஸ்டிக் சட்டம் உள்ளதை எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

ப்ளூஸில் இந்தக் கருவியை அதன் சொந்தச் சுருதியில் வாசிப்பது குறைவு. சி சுருதி மவுத் ஆர்கனை எடுத்து 1 முதல் 4 வரை உள்ள துளைகளில் மூச்சை உள்ளே இழுத்தால் டி, ஜி, பி, டி வரும். அதாவது ஜி மேஜர் கார்டு. ஆகவே சி கருவியில் ஜி பாட்டு வாசிக்கிறார்கள். இதற்கு கிராஸ் ஹார்ப் என்று பெயர். இதில் என்ன லாபம் என்றால், முக்கியமான சுரங்கள் எல்லாம் இழுக்கும் மூச்சில் வருகின்றன. ஊதும் மூச்சைவிட இழுக்கும் மூச்சில்தான் கீழ்த் துளைகளின் சுரங்கள் வளையும். மூன்றாவது துளையில் இழுத்தபடியே நாக்கின் பின்பகுதியைக் கீழே இறக்கினால் பி என்ற சுரம் வழுக்கி பி ஃபிளாட்டுக்கும், இன்னும் கீழே ஏ-க்கும், ஏ ஃபிளாட்டுக்கும் இறங்கும். மேலே சொன்ன இரண்டு காந்தாரங்களுக்கு நடுவிலான இடம் இங்கே இருக்கிறது. கிட்டாரில் குழல் கம்பியின்மேல் செய்ததை இது வாய்க்குள்ளே செய்கிறது.

அப்புறம் கை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு உள்ளங்கையும் சேர்ந்து கருவியைச் சுற்றி ஒரு அறை கட்டுகின்றன. வலது கை திறந்து மூடும்போது ஒலி பிரகாசமாகி மங்குகிறது, சொல் போல வடிவம் எடுக்கிறது. சன்னி டெரி வாசிக்கும் காணொளிகள் இருக்கின்றன, அவர் கையைப் பாருங்கள். ஒரு பறவை சிறகடிக்கிற வேகத்தில் விரல்கள் படபடக்கின்றன. நடுவில் வாயை எடுத்து உச்சக் குரலில் ஒரு கூவல், அதே மூச்சில் மறுபடி கருவி. கூவல் எங்கே முடிந்தது, ரீடு எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவருக்கு 16 வயதுக்குள் பார்வை போய்விட்டது. பிழைப்புக்காகத் தெருவில் ஊதியவர் 1938 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் வாசித்தார். அதே நிகழ்ச்சிக்கு அழைக்கத் தேடப்பட்டவர்தான் ராபர்ட் ஜான்சன். அவர் இறந்து சில மாதங்கள் ஆகிவிட்டது என்ற செய்திதான் கிடைத்தது.

தனியாக மவுத் ஆர்கனை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழு நிகழ்ச்சி செய்ய முடியுமா? முடியும் என்று டிஃபோர்டு பெய்லி காட்டினார். நாஷ்வில் வானொலியின் கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சியில் அவர் ரயிலையே வரவழைத்தார்: கிளம்பும் புகை, வேகம் பிடிக்கும் சக்கரம், பாலம் தாண்டும்போது மாறும் ஓசை, தூரத்து விசில். 1927-ல் அதை இசைத்தட்டாகவும் பதிந்தார்கள். ஆனால் இது மேதைகளின் வேலை. மற்றவர்களுக்குப் பாட்டும் வேண்டும், தாளமும் வேண்டும். ஊதும்போது பாட முடியாது என்பதால் மவுத் ஆர்கன்காரருக்குத் துணை ஆள் இல்லாமல் தீராது.

சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம், விலையில் கிட்டார் பக்கத்தில்கூட வராது என்பதெல்லாம் கூடுதல் வசதி. ஒரு சுருதிக்கு ஒரு கருவி வேண்டும் என்பதால் போகப்போகச் செலவு ஏறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கழுத்து ஸ்டாண்டு

கிட்டார் கையில், மவுத் ஆர்கன் கழுத்தில் மாட்டிய கம்பிச் சட்டத்தில். பார்க்க அழகாக இருக்கும், மேடையில் எடுபடும். இந்த வழியில் பெரியவர்களும் இருக்கிறார்கள். ஓக்லண்டில் வாழ்ந்த ஜெஸ்ஸி ஃபுல்லர் கிட்டார், கழுத்தில் மவுத் ஆர்கன், காலால் இயக்கும் பாஸ் கருவி என்று ஒரே ஆளாக ஒரு இசைக்குழுவையே நடத்தினார். ஃபோட்டெல்லா என்ற அந்தப் பாஸ் கருவியையும் அவரே செய்தார். மின்கிட்டார் வாசித்த ஜிம்மி ரீடும் கழுத்து ஸ்டாண்டில்தான் ஊதினார்.

ஆனால் இவர்கள் எதை வாசித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஜிம்மி ரீடின் பேர்போன ஊதல்கள் பலவும் மேல் துளைகளில், கருவியின் சொந்தச் சுருதியில், ஊதும் மூச்சை வளைத்து எடுத்தவை. கை இல்லாத இடத்தில் எது எடுபடுமோ அதை அவர் கண்டுபிடித்துக்கொண்டார். கீழ்த் துளைகளில் சன்னி டெரி செய்ததை ஸ்டாண்டில் செய்ய வழியில்லை. ஒலியை மூடித் திறக்க உள்ளங்கை வேண்டும், உள்ளங்கை இரண்டும் கிட்டாரில் மாட்டிக்கொண்டிருக்கிறது. வாயால் சுரத்தை வளைக்கலாம். ஆனால் அந்த அழுகையும் கொஞ்சலும் வராது. கூடவே, கவனம் இரண்டாகப் பிரிவதால் கிட்டாரும் வெறும் மீட்டலாகச் சுருங்கிவிடுகிறது. பீட்மாண்ட் கட்டைவிரலும் ஸ்டாண்டு மவுத் ஆர்கனும் ஒன்றாக நன்றாக வருவதற்குப் பல ஆண்டு உழைப்பு வேண்டும்.

பாட்டை எழுதிப் பாடுவது முக்கியம், நடுவில் இரண்டு வரி ஊதினால் போதும் என்பவருக்கு ஸ்டாண்டு தாராளமாகப் போதும். ப்ளூஸ் மவுத் ஆர்கனைக் காதலிப்பவருக்கு அது பாதிதான்.

இரண்டு பேர்

டென்னசியின் பிரவுன்ஸ்வில்லில் ஸ்லீப்பி ஜான் எஸ்டெஸ் கிட்டாரை மிக எளிமையாக மீட்டுவார், குரலோ உடைந்து அழுவதுபோல் இருக்கும். பக்கத்தில் ஹேமி நிக்சன் மவுத் ஆர்கன். எஸ்டெஸ் விட்ட இடைவெளியில்தான் நிக்சனுக்கு வேலை, அதனாலேயே பாட்டு கனம் பெறுகிறது. நல்ல ஜோடிக்கு இரண்டு வித்துவான்கள் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பிளைண்ட் பாய் ஃபுல்லர் 1941-ல் இறந்த பிறகு சன்னி டெரி பிரவுனி மெக்கீயோடு சேர்ந்தார். மெக்கீக்குச் சிறுவயதில் போலியோ வந்து கால் பாதிக்கப்பட்டிருந்தது. இருவரும் நியூயார்க் போனார்கள், பல நாடுகளில் வாசித்தார்கள், முப்பது ஆண்டுக்கு மேல் சேர்ந்தே இருந்தார்கள். கடைசியில் உறவு கசந்து 1970களின் நடுவில் பிரிந்தார்கள். இந்த வழியின் ஆபத்தும் அதுதான். கருவி கோபித்துக்கொள்ளாது, ஆள் கோபித்துக்கொள்வார். நேரம் ஒத்துவர வேண்டும், ரசனை ஒத்துவர வேண்டும், ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் அடங்கியிருக்கத் தெரிய வேண்டும். வாஷிங்டனைச் சேர்ந்த ஜான் செஃபஸும் ஃபில் விக்கின்ஸும் 1970களில் சந்தித்து, 2009-ல் செஃபஸ் இறக்கும்வரை கூடவே வாசித்தார்கள். செஃபஸ் தச்சு வேலை பார்த்தவர், விக்கின்ஸ் அவரைவிட மிகவும் இளையவர். பீட்மாண்ட் நடைதான் அவர்கள் வீடு. ஆனாலும் டெல்டா பக்கத்து ஸ்கிப் ஜேம்ஸின் இருண்ட பாட்டுகளையும் வாசித்தார்கள், அங்கே விக்கின்ஸ் ஊதுவதைப் பெரிதும் குறைத்துக்கொள்வார். டெல்டா பாட்டில் மவுத் ஆர்கன் நுழைய முடியாது என்று நான் சட்டம் போடாததற்கு அந்தப் பதிவுகள்தான் காரணம்.

எதை எடுப்பது

தனிமை பிடித்தவர், பாடக் கூடியவர், கணக்குக்குள் அடங்க விரும்பாதவர் டெல்டா கிட்டாரை எடுக்கலாம். ஏற்கெனவே நாலு கார்டு தெரிந்தவர், நண்பர்களோடு உட்கார்ந்து வாசிக்க ஆசைப்படுகிறவர் பீட்மாண்டுக்குப் போகலாம். நேரமும் பணமும் குறைவு, ஆனால் அந்த அழுகை ஒலி உள்ளே புகுந்துவிட்டது என்றால் யோசிக்காமல் 10 துளை மவுத் ஆர்கன். அதை எடுத்தவர் கிட்டார் வாசிக்கும் நண்பரைத் தேடுவது சுலபம். எந்த ஊரிலும் கல்லூரியிலும் கிட்டார் வைத்திருப்பவர் கிடைப்பார், ப்ளூஸ் ஊதத் தெரிந்தவர்தான் கிடைப்பதில்லை. இருவரில் யார் எதை எடுப்பது என்று தயங்குகிறவர்களிடம் நான் மவுத் ஆர்கன் பக்கம்தான் சாய்வேன்.

சேர்ந்து வாசிக்கத் தொடங்கும்போது சுருதிக் கணக்கு ஒன்றைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். கிட்டார் ஈ-யில் இருந்தால் ஏ மவுத் ஆர்கன், ஏ-யில் இருந்தால் டி, ஜி-யில் இருந்தால் சி. ப்ளூஸ் கிட்டார்காரர்கள் அதிகம் உட்கார்ந்திருப்பது ஈ-யிலும் ஏ-யிலும் என்பதால், பாடம் கற்க ஒரு சி-யும், கூடி வாசிக்க ஒரு ஏ-யும் வாங்கினால் நீண்ட நாளைக்குப் போதும். பீட்மாண்ட் கிட்டார்காரர் சி வடிவக் கார்டுகளில் வாசித்தால் எஃப் கருவி வேண்டும், அது கீச்சென்று இருக்கும். அவரை இரண்டாவது ஃபிரெட்டில் காபோ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடச் சொல்லுங்கள். பாட்டு டி-க்குப் போய்விடும், உங்களுக்கு ஜி கருவி போதும். கனிந்த, தாழ்ந்த ஒலி, வளைக்கவும் அதிகம் முரண்டு பிடிக்காது.

ஆள் கிடைக்கும்வரை பதிவுகளோடு சேர்ந்து ஊதிப் பழகலாம். அதற்கு 1930களின் இசைத்தட்டுகளை எடுக்காதீர்கள். தட்டு சுழன்ற வேகம் கூடக்குறைய இருந்ததால் சுருதி இரண்டு சுரங்களுக்கு நடுவே நிற்கும், உங்கள் கருவி எதுவும் ஒத்துவராது. டெரியும் மெக்கீயும் 1950களுக்குப் பிறகு செய்த பதிவுகள், செஃபஸ் விக்கின்ஸ் பதிவுகள் ஆகியவற்றில் அந்தத் தொல்லை குறைவு. முதலில் மெக்கீயின் கிட்டாரை மட்டும் காதில் பிடித்துக்கொண்டு, டெரி சும்மா இருக்கும் இடங்களில் நீங்களும் சும்மா இருந்து பழகுங்கள்.